சுழல் ரெண்டாவது சீசன்: எட்டு பேர் ஒத்துக்கிட்டும் கதை ஏன் நடுவுல நிக்குது?

[காட்சி: பாம்பன் தெற்குவாடி. நங்கூரம் போட்டு நிக்கிற விசைப்படகுகள்.]

வணக்கம் மக்களே. இங்க இப்போ தடைக்காலம். ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. பகல்ல வலையைச் சரிபண்ணி இன்ஜின் வேலை பார்த்தா, ராத்திரிக்குப் போனும் சீரீஸும்தான். அப்படிப் பார்க்க ஆரம்பிச்சு நம்மாளுக பாதியில விட்ட ஒண்ணு, 'சுழல்' ரெண்டாவது சீசன். "தொடக்கம் பட்டாசா இருக்கு, பிறகு ஒரே இழுவை"ன்னு அண்ணன்மார் சொல்றாங்க. இழுவை எங்க ஆரம்பிக்குது? கொலையாளி யாருன்னு சொல்ல மாட்டேன். ஆனா கதை கொஞ்சம் வெளிய வரும், பார்க்காதவங்க இங்கேயே நிறுத்திக்கங்க.

புஷ்கர்-காயத்ரி உருவாக்கின தொடர். முதல் சீசன் 2022 ஜூன்ல வந்துச்சு. ஒரு ஆலை எரியுது, அதே ராத்திரி தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தோட சின்ன மக நிலா காணாமப் போறா. ஒருத்தர் மேல இருந்த சந்தேகம் அடுத்தவர் மேல தாவிக்கிட்டே இருக்கும். நாமளும் கூடவே ஓடுவோம்.

[காட்சி: கடற்கரை, ஒத்தை வீடு, சாயங்கால வெளிச்சம்.]

ரெண்டாவது சீசன் 2025 பிப்ரவரி 28. இதுவும் எட்டு எபிசோடுதான். காளிபட்டினம்னு ஒரு கற்பனைக் கடலோர ஊர். நிலாவோட அக்கா நந்தினி இப்போ ஜெயில்ல இருக்கா. அவளுக்காக வாதாடுற வக்கீல் செல்லப்பா கடற்கரை வீட்ல செத்துக் கிடக்கார். அங்கேயே ஒரு பொண்ணு பிடிபடுது. அடுத்தடுத்து இன்னும் ஏழு பொண்ணுங்க வந்து "நான்தான் கொன்னேன்"னு சரணடையுறாங்க. தமிழ்ல இப்படி ஒரு தொடக்கத்தை நான் பார்த்ததில்லை.

ஆனா சிக்கலே அங்கதான். எட்டு பேரும் ஒத்துக்கிட்ட பிறகு "யார் கொன்னது"ங்கிற கேள்விக்கு வலு போயிருச்சு. மிச்சம் இருக்கிறது "ஏன்". அந்தப் பதிலைக் கடைசி வரைக்கும் பூட்டி வச்சுட்டாங்க. நடுவுல போலீஸ்காரர் சக்கரை வெளிய துப்புத் தேடுறாரு, நந்தினி ஜெயிலுக்குள்ள அந்தப் பொண்ணுங்களோட பழகுறா. காட்சி ஒவ்வொண்ணும் நல்லாத்தான் இருக்கு. நமக்குத் தெரிஞ்ச விஷயம் மட்டும் கூட மாட்டேங்குது. தூண்டில்ல மீன் கடிச்ச பிறகு கயிறைக் கொஞ்சம் விடணும், கொஞ்சம் இழுக்கணும். விட்டுக்கிட்டே இருந்தா மீன் கழண்டுரும்.

சில பேர் இந்த சீசன்ல வர்ற அஷ்டகாளி திருவிழாக் காட்சிகள் மேல பழி போடுறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். சாயல்குடி பக்கமிருந்து வேஷம் கட்டி குலசேகரப்பட்டினம் தசராவுக்குப் போறவங்களைக் கேளுங்க: பத்தாம் நாள் ராத்திரி சூரசம்ஹாரம்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்காக ஒன்பது நாள் யாரும் சலிச்சுக்கிறதில்லை. போய்ச் சேருற இடம் தெரிஞ்சா மெதுவாப் போறது பாரமில்லை.

[காட்சி: பழைய டிவி பெட்டி, மரம் சூழ்ந்த மலைப்பாதை.]

இதுக்கு நேரெதிரா விழுந்தது அமெரிக்காவோட 'ட்வின் பீக்ஸ்' டிவி தொடர். 1990-ல முதல் சீசன் எட்டே எபிசோடு. கதையில வர்ற பள்ளிக்கூடப் பொண்ணு லாரா பாமரைக் கொன்னது யாருன்னு நாடே கேட்டுச்சு. தொடரை உருவாக்கின டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் பதிலை அவசரப்பட்டுச் சொல்ல விரும்பலை, ஒளிபரப்பின ஏபிசி டிவி நெருக்குச்சு. ரெண்டாவது சீசன் 22 எபிசோடு. ஏழாவதுலேயே, 1990 நவம்பர்ல, கொலையாளி தெரிஞ்சு போச்சு. மீதி 15-ல பெரும்பகுதியை எதை வச்சு ஓட்டுறது? நடுத்தர வயசு நடீன் மறுபடி பள்ளிக்கூடம் போனாங்க. ஹோட்டல் முதலாளி பென் ஹார்ன் தன்னை உள்நாட்டுப் போர் தளபதின்னு நினைச்சுக்கிட்டாரு! சனிக்கிழமை ராத்திரி ஒளிபரப்பும் சேர்ந்து கவுத்துச்சு. 1991 ஜூன்ல கதை முடிஞ்சது. அடுத்த சீசனுக்கு 2017 வரை ஆச்சு.

அங்க பதிலைச் சொல்லிட்டு அடுத்த கேள்வியைத் தயார் பண்ணலை. இங்க கேள்வி மாறினதையே கவனிக்காம பழைய பூட்டையே போட்டு வச்சிருக்காங்க.

[காட்சி: எடிட்டிங் திரை, எட்டு கட்டம்.]

என் கையில எடிட்டிங் இருந்தா, எந்தக் காட்சியையும் வெட்ட மாட்டேன். அந்த எட்டு பேருக்குள்ள இருக்கிற பழைய உறவை மூணாவது எபிசோடுலேயே நமக்கு மட்டும் காட்டிருவேன். அப்போ ஜெயில்ல நந்தினி அவங்க பக்கத்துல உட்கார்ந்து சோறு தின்னாக்கூட, அவளுக்குத் தெரியாத ஒண்ணு நமக்குத் தெரியும். இப்போ இழுவைன்னு தள்ளிவிட்டுப் பார்க்கிற அதே காட்சிக்கு, அப்போ யாரும் போன்ல இருந்து கண்ணெடுக்க மாட்டாங்க.