புதிய கோமாளி மீனின் உடலில் வெள்ளைப் படலம்: காப்பர் ஊற்றும் முன் உற்றுப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. இப்போது உங்களுக்குத் திரையில் தெரிவது மணலும் பாறையும் இல்லாத 40 லிட்டர் தனிமைத் தொட்டி, அதாவது புதிய மீனைப் பெரிய தொட்டியில் விடும் முன் தனியாக வைத்துக் கண்காணிக்கும் தொட்டி. இதில் இருக்கும் கோமாளி மீன் வீட்டுக்கு வந்து இன்றோடு 19 நாள் ஆகிறது. இதனுடன் ஜோடியாக வந்த மீன் ஐந்தாம் நாள் இறந்துவிட்டது. நோயைத் தவறாகக் கணித்தது நான்தான். உங்கள் மீனுக்கும் அந்த நிலை வரக் கூடாது என்பதற்காகவே இதைப் பேசுகிறேன்.

வந்த மறுநாளே இரண்டின் உடலிலும் வெண்மையாக ஏதோ தெரிந்தது. வெள்ளை என்றதும் வெள்ளைப் புள்ளி நோய் என்று முடிவு செய்து, அன்று மாலையே காப்பர் (செம்பு) மருந்தை அளந்து ஊற்றினேன். மூன்று நாள் வீணாயிற்று.

இந்தக் காட்சி ஐந்தாம் நாள் எடுத்தது. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்வாக அடித்திருக்கிறேன். தலைக்குப் பின்னால் உள்ள வெள்ளைப் பட்டையை ஒட்டி ஆரஞ்சு நிறம் மங்கி, சாம்பல் பூத்தாற்போல் இருக்கிறது; அங்கிருந்து சளி ஒரு நூல்போலப் பிரிந்து, வால் அசையும்போதெல்லாம் கூடவே அசைகிறது. இது புள்ளி அல்ல, படலம். கோமாளி மீன்களை அதிகம் தாக்கும் புரூக்ளினெல்லா என்னும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியின் அடையாளம் இதுதான். இதைக் காப்பர் கட்டுப்படுத்தாது, ஃபார்மால்டிஹைடு கரைசலான ஃபார்மலின்தான் வேண்டும்.

வெள்ளைப் புள்ளி நோயில் உப்புக்கல் அளவுள்ள தனித்தனிப் புள்ளிகளை எண்ண முடியும். சில நாட்களில் அவை உதிர்ந்துவிடும், நாமும் குணமாகிவிட்டது என்று மகிழ்வோம். உண்மையில் ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, தொட்டியின் அடியில் கூடு கட்டிப் பெருகி, முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும். காப்பர் அதை மீனின் தோலுக்குள்ளோ கூட்டுக்குள்ளோ கொல்வதில்லை, நீரில் நீந்தும் பருவத்தில் மட்டுமே கொல்கிறது. ஆகவே புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துவது தவறு. அயனிக் காப்பர் (செம்பு அயனியாகவே நீரில் கரைந்திருக்கும் மருந்து) என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை, சோதனைக் கிட் வைத்து நாள்தோறும் பார்த்துக் காக்க வேண்டும். பவளமோ இறாலோ இருக்கும் தொட்டியில் ஒரு சொட்டுகூட விடக் கூடாது.

இன்னொரு ஒட்டுண்ணியால் வரும் வெல்வெட் நோய்தான் என்னை மிகவும் அச்சுறுத்துவது. மாவு தூவியதுபோன்ற மெல்லிய பொன்னிறப் பொடியாகத் தெரியும், பல நேரங்களில் அதுவும் தெரிவதற்குள் செவுள் பாழாகி மீன் இறந்துவிடும். ஆகையால் தோலைப் பார்ப்பதற்கு முன் மூச்சைப் பாருங்கள். கைபேசியில் ஒரு நிமிடம் வைத்துச் செவுள் மூடி அசைவதை எண்ணுங்கள். மீன் மூச்சு வாங்கிக்கொண்டு, ஒளியைத் தவிர்த்து, பம்ப் நீர் பாயும் இடத்திலேயே முகத்தைக் காட்டி நின்றால், சிகிச்சையைத் தொடங்க மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

துடுப்பின் ஓரத்தில் காலிஃபிளவர் போன்ற சிறு கட்டி மட்டும் இருந்து, மீன் நன்றாகச் சாப்பிட்டால், அது லிம்போசிஸ்டிஸ் என்னும் வைரஸ் பாதிப்பாக இருக்கலாம். அதற்கு மருந்து தேவையில்லை. நல்ல உணவும் சுத்தமான நீரும் போதும்.

எஞ்சிய மீனுக்குச் செய்ததைச் சொல்கிறேன். வாளியில் 10 லிட்டர் கடல்நீர், தொட்டியில் இருந்த அதே வெப்பநிலை, அதே உப்பளவு. 37 சதவீத ஃபார்மலின் 1.5 மில்லி, நீரில் காற்றுக் குமிழிகளை விடும் காற்றுக் கல் முழு வேகத்தில், 45 நிமிடம். ஃபார்மலின் நீரின் ஆக்சிஜனைக் குறைக்கும் என்பதால் நான் வாளியருகிலேயே உட்கார்ந்திருந்தேன். மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். புட்டியின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அந்த ஃபார்மலினைத் தொடவே வேண்டாம். கையுறை அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அது நமக்கும் நஞ்சு. குளியல் முடிந்ததும் மீனைப் பழைய தொட்டிக்குத் திருப்பாமல், புதிய நீர் நிரப்பிய வேறு தொட்டிக்கு மாற்றினேன். ஒருநாள் விட்டு ஒருநாள், மொத்தம் மூன்று முறை.

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. அப்படி வளர்ந்த மீன்கள் கிடைத்தால் அவற்றையே வாங்குங்கள். ஆனால் கடைகளில் பல தொட்டிகளுக்கு ஒரே நீர் சுற்றிவருவதுண்டு, வளர்ப்பு மீனுக்கும் அங்கே நோய் தொற்றலாம். எனவே தனிமைத் தொட்டியை அதற்காகத் தவிர்க்காதீர்கள்.

இந்த வலையின் பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருப்பது தெரிகிறதா? இது பெரிய தொட்டியின் நீரைத் தொடக் கூடாது என்பதற்கான அடையாளம். மீனின் நிறம் திரும்பிவிட்டது. இன்று காலை உறைந்த இறாலைத் துண்டு துண்டாக்கிப் போட்டபோது, என் விரல் நீரைத் தொடும் முன்பே மேலே வந்து நின்றது. இன்னும் இரண்டு வாரம் இது இங்கேயேதான் இருக்கும்.