மணிக்கணக்கில் தேயும் வண்டி

நேயர்களுக்கு வணக்கம்.

மோட்டோகிராஸ் என்றால் மேடும் பள்ளமுமான மண் ட்ராக்கில் ஓட்டும் பைக் ரேஸ். மோட்டோகிராஸ் பைக்கில் ஸ்பீடோமீட்டர் கிடையாது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று காட்டும் எண்ணும் கிடையாது. எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதுதான் அந்த வண்டியின் வயது. பிஸ்டன், ஆயில், செயின், ஃபோர்க் சீல் எல்லாவற்றையும் மணிக்கணக்குப் பார்த்துத்தான் மாற்றுவார்கள். ஸ்பான்சர் வைத்திருக்கிற ரைடருக்கு இந்தக் கணக்கை டீம் பார்த்துக்கொள்ளும். சொந்தக் காசில் ரேஸ் ஓட்ட நினைப்பவர் தானேதான் பார்க்க வேண்டும். அதனால் ஷோரூமில் நிற்கும்போது அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வண்டி ஒரு மணி நேரம் ஓடினால் எவ்வளவு தின்னும் என்பது. எத்தனை குதிரைச்சக்தி என்பதெல்லாம் பிறகு.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். வாரம் இரண்டு மணி நேரப் பயிற்சி, வருடத்துக்கு 40 வாரம் என்றால் 80 மணி. ஆறு ரேஸ், ப்ராக்டிஸோடு சேர்த்து ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மணி என்றால் 9 மணி. ஆக வருடத்துக்குச் சுமார் 90 மணி. இந்த 90 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வண்டியையும் இதோடுதான் உரசிப் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன் ஒன்று. "ஷோரூம்லருந்து வந்த வண்டிய அப்படியே ட்ராக்குல இறக்கினா ஜெயிக்க முடியுமா?" என்று பலரும் கேட்பார்கள். அமெரிக்காவில் 1986-இல் ஏ.எம்.ஏ., அதாவது அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம், ஒரு விதி கொண்டுவந்தது. கம்பெனி டீம்களும் கடையில் விற்கும் வண்டியை அடிப்படையாக வைத்துத்தான் ரேஸ் ஓட்ட வேண்டும் என்றது அந்த விதி. அதுவரை டீம்கள் கையால் செய்த தனி வண்டிகளை ஓட்டிக்கொண்டிருந்தன. விதி வந்த பிறகு கம்பெனிகள் நல்ல ஃபிரேமையும் நல்ல எஞ்சினையும் விற்பனை வண்டியிலேயே வைத்தாக வேண்டியதாயிற்று. அதனால் இன்று வாங்கும் ஸ்டாக், அதாவது எதையும் மாற்றாத, மோட்டோகிராஸ் பைக் ஒரு சாதாரண கிளப் ரைடரின் தேவைக்கு மிஞ்சிய வண்டி. எஞ்சினில் கை வைக்க ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, இங்கே தயாராகும் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி போன்ற வண்டி. இன்னொன்று, கவாசாகி கேஎக்ஸ்250, கேடிஎம் 250 எஸ்எக்ஸ்-எஃப் போன்ற அசல் மோட்டோகிராஸ் வண்டி. எக்ஸ்பல்ஸ் 4வி ப்ரோ சுமார் 160 கிலோ, 19 குதிரைச்சக்தி. முன் ஃபோர்க்கின் பயணம் 250 மில்லிமீட்டர், பின்பக்கம் 220. கேஎக்ஸ்250 பெட்ரோலோடு சேர்த்தே 108 கிலோதான். சக்தி இரண்டு மடங்குக்கு மேல். சஸ்பென்ஷன் பயணம் முன்னும் பின்னும் 310 மில்லிமீட்டரைத் தாண்டும். ஐம்பது கிலோ வித்தியாசம் என்பது ஒரு சிமென்ட் மூட்டை. அந்த மூட்டையோடு டேபிள்டாப் என்ற, உச்சி தட்டையான ஜம்ப் மேட்டைத் தாண்டி இறங்கினால், ஃபோர்க் அடித்தட்டு வரை போய் முட்டும், ரிம் நெளியும், ஸ்போக் தளரும்.

ஆனாலும் முதல் வருடத்துக்கு எக்ஸ்பல்ஸ் தவறான தேர்வு இல்லை. ஒரு கேஎக்ஸ்250 விலைக்கு நான்கைந்து எக்ஸ்பல்ஸ் வாங்கலாம். கிளட்ச் பிளேட்டு பக்கத்து ஊர்க் கடையிலேயே கிடைக்கும். 90 மணி நேரத்தில் பிஸ்டனைத் தொடவே வேண்டியிருக்காது. இந்தியத் தயாரிப்பு வண்டிகளுக்கென்று தனிப் பிரிவுகளும் நம் போட்டிகளில் உண்டு. ஹெட்லைட், கண்ணாடி, இண்டிகேட்டர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம் என்று குமிழ் பெரிதாக உள்ள ஆஃப்ரோடு டயர் போட்டால் போதும். நின்றுகொண்டே ஓட்டுவது, திருப்பத்தில் முன்னால் நகர்ந்து உட்காருவது, ரட் என்ற சக்கரப் பள்ளத்தைப் பிடித்துப் போவது எல்லாம் இதிலேயே பழகும். பெரிய ஜம்ப்புகளை மட்டும் முழுதாகத் தாண்டப் பார்க்காதீர்கள். அந்த ஃபிரேம் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

வண்டியைப் பார்க்கும் முன்பே, நீங்கள் ஓட்டப் போகும் போட்டியின் சப்ளிமென்டரி ரெகுலேஷனை, அதாவது அந்தப் போட்டிக்கான விதித்தாளை, வாங்கிப் படியுங்கள். எந்தப் பிரிவில் எத்தனை சிசி, டூ ஸ்ட்ரோக்குக்கு என்ன வரம்பு, எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று அதில் இருக்கும். வண்டியை வாங்கிவிட்டுப் பிரிவு தேடுவது பெண்ணைப் பார்க்காமல் பத்திரிகை அடிப்பது போல.

இனி அசல் மோட்டோகிராஸ் வண்டிகளுக்கு வருவோம். 125 டூ ஸ்ட்ரோக், 250 டூ ஸ்ட்ரோக், 250 ஃபோர் ஸ்ட்ரோக், 450 ஃபோர் ஸ்ட்ரோக் என்று நான்கு வகை.

125 டூ ஸ்ட்ரோக் ஓட்டக் கற்றுத்தரும் வண்டி. ஆனால் எப்போதும் உச்ச ஆர்.பி.எம்.மில் வைத்து முறுக்கினால்தான் இழுக்கும். அதனால் ரேஸ் ஓட்டுபவர் 20 மணிக்கு ஒருமுறை பிஸ்டனை மாற்ற வேண்டும். நம் 90 மணியில் நான்கைந்து பிஸ்டன். ஒவ்வொன்றும் மலிவுதான், பழகிய கைக்கு இரண்டு மூன்று மணி நேர வேலைதான். 250 டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் 40 மணி வரை நிற்கும், வருடத்துக்கு இரண்டு. ஆனால் அதன் சக்தி ஒரே வீச்சில் வந்து கையைப் பறிக்கும். புதியவருக்கு வேண்டாம்.

டூ ஸ்ட்ரோக்கைப் பற்றி ஒரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. ஆர்எக்ஸ்100, ஷோகன் எல்லாம் பிரித்துச் சேர்த்த பட்டறைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, இதையும் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. பாதி சரி. அந்த வண்டிகளின் சிலிண்டரில் இரும்பு ஸ்லீவ் இருந்தது. தேய்ந்தால் லேத்தில் கொடுத்து போர் போட்டு, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம். மோட்டோகிராஸ் சிலிண்டர் அலுமினியம். உள்ளே நிக்கல்-சிலிக்கன் கார்பைடு பூச்சு. மெல்லியது, ஆனால் மிகக் கடினமானது. அதை லேத்தில் கொடுத்தால் பூச்சு போய்விடும், சிலிண்டரும் போய்விடும். கீறல் விழுந்தால் மறுபூச்சு அல்லது புது சிலிண்டர்தான் வழி. யமஹா ஒய்இசட்125, ஒய்இசட்250 இரண்டும் இங்கே ஷோரூமில் இல்லை, இறக்குமதியில் வந்தவைதான் கைமாறுகின்றன. ஆனால் அவற்றில் ஒரு வசதி உண்டு. ஒய்இசட்125 2006 முதல் 2021 வரை அடிப்படையில் பெரிதாக மாறவேயில்லை. பதினைந்து வருட வண்டிகளுக்கிடையே பெரும்பாலான பார்ட்ஸ் மாற்றிப் போடலாம். கைக்காசில் ஓட்டுபவருக்கு இது ஐந்து குதிரைச்சக்தியைவிடப் பெரிய லாபம்.

டூ ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டும். கையேடு சொல்லும் விகிதத்தையே பிடியுங்கள். 32-க்கு 1 என்றால் 5 லிட்டருக்கு 156 மில்லி. 40-க்கு 1 என்றால் 125 மில்லி. இன்னொரு சிக்கல், நம் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். மோட்டோகிராஸ் கையேடுகள் பெரும்பாலும் 10 சதவீதம் வரைதான் அனுமதிக்கின்றன. எத்தனால் கூடினால் கார்புரேட்டர் வண்டியில் கலவை மெலிந்துபோகும், எஞ்சின் சூடேறும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கி, பிளக்கின் நிறத்தைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வெள்ளையாக இருந்தால் கலவை மெலிவு, வெளிறிய காபி நிறமென்றால் சரி. இரண்டு வாரம் ஓட்டாமல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டாங்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

250 ஃபோர் ஸ்ட்ரோக்தான் இன்று பெரும்பாலோர் வாங்குவது. ஓட்டச் சுலபம், ஷோரூமில் கிடைக்கிறது, பெட்ரோல் இஞ்செக்‌ஷன் என்பதால் ஜெட் தொந்தரவும் இல்லை. ஆனால் கேஎக்ஸ்250-இன் எஞ்சின் 14,000 ஆர்.பி.எம்.மைத் தாண்டிச் சுற்றும். சாலை பைக்கைப் போல் சும்மா விட்டுவைத்தால் அது மன்னிக்காது. 5 மணிக்கு ஒருமுறை ஆயில், ஒவ்வொரு முறையும் சுமார் ஒரு லிட்டர். 90 மணிக்கு 18 லிட்டர். பிஸ்டன் 45, 50 மணிக்கு ஒன்று. இவையெல்லாம் தாங்கக்கூடிய செலவு. தாங்க முடியாதது வால்வு.

இந்த எஞ்சின்களில் எடை குறையட்டும் என்று டைட்டானியம் வால்வு வைக்கிறார்கள். அதன் முகத்தில் ஒரு கடினப் பூச்சு இருக்கும். ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி நுழைந்தால் முதலில் தேய்வது அந்தப் பூச்சுதான். பூச்சு போனதும் வால்வு இருக்கையில் புதைந்து மேலே ஏறும், வால்வு இடைவெளி குறையும். அறிகுறி எளிது: சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். ஷிம் என்ற சிறு உலோக வில்லையை மெல்லியதாக மாற்றிப் போட்டு இடைவெளியைச் சரிசெய்யலாம். ஒரே வால்வுக்கு இரண்டாவது தடவையும் ஷிம் மாற்ற வேண்டி வந்தால், அந்த வால்வின் ஆயுள் முடிந்தது என்று பொருள். மூன்றாவது ஷிம் தேடாதீர்கள். வால்வு உடைந்து உள்ளே விழுந்தால் பிஸ்டன், சிலிண்டர், ஹெட் மூன்றும் ஒரே நொடியில் போகும். பாதி வண்டி விலை. டூ ஸ்ட்ரோக்கில் எவ்வளவு கெட்டுப்போனாலும் இவ்வளவு பெரிய பில் வராது.

ஆகவே 250 ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குபவர் வண்டியோடு சேர்த்து மூன்று ஏர் ஃபில்டர் வாங்க வேண்டும். நம் செம்மண் தூசியில் ஒரு பயிற்சி நாளுக்கு ஒன்று. ஃபோம் ஃபில்டரை ஃபில்டர் க்ளீனரில் கழுவி, பிழியாமல் அமுக்கி நீரெடுத்து, நிழலில் காயவைத்து, ஃபில்டர் ஆயிலை நன்றாக ஊறவிட வேண்டும். ஃபில்டர் உட்காரும் விளிம்பில் கிரீஸ் தடவ மறக்கக் கூடாது. தூசி பெரும்பாலும் ஃபோம் வழியே நுழைவதில்லை, அந்த விளிம்பின் இடுக்கில்தான் நுழைகிறது.

450 பற்றிச் சுருக்கமாக. அதன் எஞ்சினை முழுக்க முறுக்க யாராலும் முடியாது என்பதால் அது 250-ஐவிட நிதானமாகத் தேயும். ஆனால் டயரைத் தின்னும், ரைடரையும் தின்னும். 85 கிலோவுக்கு மேல் எடையுள்ள, அனுபவமுள்ள ரைடருக்கு மட்டும்.

எஞ்சினில் கை வைக்க வேண்டாம் என்றேன். அந்தக் காசு எங்கே போக வேண்டும் என்றால், சஸ்பென்ஷனுக்கு. 250 வண்டியின் ஸ்டாக் ஸ்பிரிங் ஏறத்தாழ 65 முதல் 75 கிலோ ரைடருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. உங்கள் எடை அதற்குள் வருகிறதா என்று ஒரு அளவு நாடாவை வைத்தே கண்டுபிடிக்கலாம். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, பின் சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்போது, ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே ஃபெண்டரில் ஒரு புள்ளி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு தரையில் இறக்கி, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு ஃபுட்பெக்கில் நின்று மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் 100 முதல் 105 மில்லிமீட்டர் வரும்படி ஷாக் ஸ்பிரிங்கின் நட்டைத் திருப்புங்கள். இப்போது இறங்கிவிடுங்கள். ஆள் இல்லாமல் வண்டி தன் எடையிலேயே 30 முதல் 40 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். 30-க்குக் குறைவாக இறங்கினால் ஸ்பிரிங் உங்களுக்கு மென்மை. உங்களைத் தாங்குவதற்காக அதை அளவுக்கு மேல் இறுக்கிவிட்டீர்கள். 40-க்கு மேல் இறங்கினால் ஸ்பிரிங் கடினம். அப்போது மாற்ற வேண்டியது பின்னால் ஒரு ஸ்பிரிங், முன்னால் இரண்டு. விலை உயர்ந்த சைலன்ஸரின் செலவில் ஒரு பங்குதான் ஆகும், லேப் நேரமோ அதைவிடக் குறையும்.

கேடிஎம்மில் முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று. எடைக்கேற்பப் பம்ப் வைத்துச் சுமார் 10 பாரை ஒட்டிக் கூட்டலாம், குறைக்கலாம், ஸ்பிரிங் செலவு மிச்சம். ஆனால் வெயிலில் அழுத்தம் ஏறும். ரேஸ் காலையில் வண்டியை நிழலில் நிறுத்தி, ஃபோர்க் குளிர்ந்திருக்கும்போது மட்டும் அளக்க வேண்டும்.

பழைய வண்டி வாங்குபவர்களுக்கு. இவற்றைச் சாலையில் பதிவுசெய்ய முடியாது, ஆகவே ஆர்.சி. புத்தகம் இருக்காது. வண்டியின் உரிமைக்கு ஆதாரம் இன்வாய்ஸ்தான். இறக்குமதி வண்டி என்றால் சுங்கக் காகிதமும் வேண்டும். எஞ்சின் எண், ஃபிரேம் எண் இரண்டும் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். போனதும் முதலில் எஞ்சினைத் தொடுங்கள். சூடாக இருந்தால், விற்பவர் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார். ஆறும் வரை காத்திருந்து, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஏர்பாக்ஸைத் திறந்து, ஃபில்டருக்கு உள்பக்கம் விரலை விட்டுத் துடையுங்கள். விரலில் மண் ஒட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். டூ ஸ்ட்ரோக் என்றால் பைப்பைக் கழற்றி எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக டார்ச் அடித்து பிஸ்டனில் செங்குத்துக் கீறல் இருக்கிறதா என்று பார்க்கலாம். பின் சக்கரத்தைப் பிடித்து மேலே தூக்கினால் ஷாக் அசையும் முன் 'டக்' என்று ஒரு ஆட்டம் வந்தால், ஷாக்கை வண்டியோடு இணைக்கும் லிங்க்கேஜின் பேரிங் போயிருக்கிறது. ஃபுட்பெக் பிராக்கெட்டைச் சுற்றிப் பெயின்ட் விரிசல் விட்டிருந்தால் உள்ளே ஃபிரேமும் விரிசல் விட்டிருக்கலாம். ஹவர் மீட்டர் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், அது எளிதில் மாற்றக்கூடிய பொருள். கியர் லீவரும் ஃபுட்பெக் பல்லும் எவ்வளவு மழுங்கியிருக்கின்றன என்று பாருங்கள்.

கையில் இருக்கும் மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் வண்டிக்குப் போகக் கூடாது. ஹெல்மெட், பூட்ஸ், முழங்காலைக் காக்கும் நீ ப்ரேஸ், போட்டி லைசென்ஸ், நுழைவுக் கட்டணம், வண்டியை ட்ராக்குக்குக் கொண்டுபோகும் குட்டியானை வாடகை எல்லாம் மீதிப் பாதியில் வர வேண்டும். ஒரு பிஸ்டன் கிட், ஒரு கேஸ்கட் செட், கிளட்ச் பிளேட், கிளட்ச் லீவர், பிரேக் லீவர் இவற்றை வண்டி வாங்கும் நாளிலேயே ஆர்டர் போட்டுவிடுங்கள். இங்கே ஸ்டாக் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமென்றால் வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் இரண்டு ரேஸ் போய்விடும்.

புது வண்டி வீட்டுக்கு வந்ததும் நேராக ட்ராக்குக்குக் கொண்டு போகாதீர்கள். லிங்க்கேஜ் பேரிங்கையும் ஹேண்டில் பேரிங்கையும் பிரித்து வாட்டர்ப்ரூஃப் கிரீஸ் அடைத்துவிடுங்கள். கம்பெனியில் மேலோட்டமாகத்தான் வைத்து அனுப்புவார்கள். முதல் 15 நிமிடம் ஓட்டியதும் நிறுத்தி எல்லா ஸ்போக்கையும் பாருங்கள், மறுபடி அரை மணியில் பாருங்கள். பின் ஸ்பிராக்கெட் போல்ட்டுகள் தளர்ந்தால் ஹப்பையே அறுத்துவிடும், அவற்றையும் இறுக்குங்கள். டயரில் 12 முதல் 14 பி.எஸ்.ஐ. காற்று. முதல் ஆயிலை இரண்டு மணி நேரத்திலேயே வடித்து, வடித்த ஆயிலை வெயிலில் பிடித்துப் பாருங்கள். நுண்ணிய வெள்ளிப் பொடி மினுங்கினால் புது எஞ்சினுக்கு அது இயல்புதான். விரலில் துகளாகத் தட்டுப்பட்டால் அதற்கு மேல் ஓட்டாமல் டீலரிடம் கொண்டு போய்க் காட்டுங்கள்.

வணக்கம்.