ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி மகிழ

நண்பர்களே, ஆங்கிலத்தில் 'டைன் அவுட் ஆன்' என்று ஒரு தொடர் இருக்கிறது. பார்த்தால் சாப்பாட்டு விஷயம் போலத் தெரியும். ஆனால் அது கதை சொல்வதைப் பற்றியது. தனக்கு நேர்ந்த சுவையான சம்பவம் ஒன்றைப் போகிற இடமெல்லாம் சொல்லி, கேட்பவர்களை மகிழ்வித்து, அதனால் தானும் நாலு பேர் கவனத்தைப் பெறுவது. எனக்கு மிகவும் பிடித்த தொடர் இது. ஒரு மனிதரின் சுபாவமே அதற்குள் அடங்கிவிடுகிறது.

'டைன் அவுட்' என்றால் வெளியே போய் விருந்துண்பது. நல்ல கதை கைவசம் இருப்பவரை விருந்துக்கு அழைக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? இங்கே கவனிக்க வேண்டியது கடைசியில் நிற்கும் 'ஆன்'. எதை நம்பி அந்த விருந்து கிடைக்கிறது என்பதை அதுதான் காட்டுகிறது.

ஒரு பெண் புகழ்பெற்ற நடிகர் ஒருவருடன் லிஃப்டில் மாட்டிக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். 'ஷி டைண்டு அவுட் ஆன் தட் ஸ்டோரி ஃபார் இயர்ஸ்' என்பார்கள். அந்தக் கதையைப் பல ஆண்டுகள் ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று பொருள். 'ஃபார் இயர்ஸ்' போன்ற கால அளவு இதோடு அடிக்கடி சேர்ந்து வரும்.

சரி, இலக்கணத்துக்கு வருவோம். இந்த மூன்று சொற்களுக்கு நடுவே கதையை நுழைக்கக் கூடாது. 'டைன் அவுட் தட் ஸ்டோரி ஆன்' என்பது தவறு. கதை முன்னால் போய்விட்டாலும் 'ஆன்' கடைசியில் நிற்க வேண்டும்: 'எ ஸ்டோரி டு டைன் அவுட் ஆன்'. கற்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த 'ஆன்'தான். விட்டால் பேச்சு மறுபடி உணவகத்துக்குப் போய்விடும். பொருள் ஒன்றுதானே என்று 'டைன்' இருக்கும் இடத்தில் 'ஈட்' போட்டாலும் தொடர் உடைந்துவிடும்.

இது பேச்சுவழக்குத் தொடர், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதிகம் புழங்குவது. அலுவலகக் கடிதத்துக்குப் பொருந்தாது. பழைய சாக்கையே திரும்பத் திரும்பச் சொல்பவரைக் குறிக்க 'ட்ராட் அவுட்' இருக்கிறது. அதில் சலிப்பு தெரியும். 'டைன் அவுட் ஆன்' அப்படியல்ல, அதில் ஒரு கொண்டாட்டம் இருக்கிறது. அதனாலேயே ஒருவர் தன் துக்கத்தைப் பகிரும்போது இதைச் சொன்னால் அவர் மனம் புண்படும். அப்புறம், 'ஸ்டில்' சேர்த்து 'ஹி இஸ் ஸ்டில் டைனிங் அவுட் ஆன் இட்' என்றால் 'இன்னுமா அதையே சொல்கிறார்' என்ற சீண்டல் வந்துவிடும். நெருங்கிய நண்பரிடம் சொல்லலாம், புதியவரிடம் வேண்டாம்.