டோனி ரோமோவின் பெருமை களத்திலா, மைக்கிலா? களத்தில்தான்!

நடுவர் அவர்களே, அவையோர்களே, எல்லோருக்கும் வணக்கம். டோனி ரோமோ அமெரிக்கக் கால்பந்தில் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியின் குவாட்டர்பேக்காக, அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவராக ஆடி, பிறகு தொலைக்காட்சி வர்ணனையாளர் ஆனவர். அவர் பெருமை எதில் என்பதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு தொகையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போனார். 2020-இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி வர்ணனைக்காக ரோமோவுக்கு ஆண்டுக்குச் சுமார் 1.7 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது, அதனால் மைக்தான் பெரிது என்றார். சரி, அந்தப் பணம் எதற்குக் கொடுத்தார்கள் என்று கேட்க வேண்டாமா?

2019 ஜனவரி, கன்சாஸ் சிட்டியில் பேட்ரியாட்ஸ், சீஃப்ஸ் என்ற இரண்டு அணிகள் மோதுகின்றன, ரோமோ வர்ணனை செய்கிறார். பேட்ரியாட்ஸ் வீரர் க்ரான்கௌஸ்கி ஓரமாகப் போய் நிற்பதைப் பார்த்ததுமே, பின்னால் நிற்கும் தடுப்பாட்டக்காரரைக் கவனியுங்கள் என்கிறார் ரோமோ. பந்து நேராக க்ரான்கௌஸ்கியிடமே போகிறது. நாடே அசந்துபோனது. ஆனால் அந்தக் கண் வர்ணனை அறையில் வந்ததா? குவாட்டர்பேக் என்பவர் பந்து கைக்கு வருவதற்கு முன்பே எதிரணி நிற்கும் நிலையைப் படித்து, வந்தபின் இரண்டு மூன்று விநாடிகளுக்குள் யாருக்கு எறிவது என்று முடிவெடுக்க வேண்டியவர். பல வருடம் அடி வாங்கி, அதையே செய்து பழகிய கண் அது!

2003-இல் தொழில்முறை அணிகள் புது வீரர்களை எடுக்கும் தேர்வில் ஏழு சுற்றுகளில் 262 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் ரோமோ இல்லை. டல்லாஸ் கௌபாய்ஸ் சேர்த்துக்கொண்டது, ஆனால் முதல் மூன்று சீசன்களில் ஒரு பந்துகூட எறியக் கிடைக்கவில்லை. அப்படி ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர் 2017-இல் ஓய்வுபெற்றபோது, அவர் எறிந்து அணி முன்னேறிய தூரம் 34,183 கெஜம், அவர் எறிந்ததில் பந்து எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி வந்தது, அதாவது டச்டவுன், 248. அந்த அணியில் அதுவரை யாரும் அவ்வளவு எறிந்ததில்லை.

அடுத்து வருபவர் சியாட்டிலைச் சொல்வார், நானே சொல்லிவிடுகிறேன். 2007 ஜனவரி, பிளேஆஃப் என்னும் தோற்றால் வெளியேறும் சுற்று, சியாட்டில் அணியிடம் கௌபாய்ஸ் 21-20 என்று பின்தங்கியிருக்கிறார்கள், உதைப்பவருக்காகப் பந்தை நிறுத்திப் பிடிக்க வேண்டிய ரோமோவின் கையிலிருந்து அது நழுவுகிறது. அள்ளிக்கொண்டு ஓடுகிறார், கோட்டுக்கு இரண்டு கெஜம் முன்னால் மடக்கிவிட்டார்கள், ஆட்டம் போயிற்று. உண்மைதான், மறைக்கவில்லை. பிளேஆஃபில் ஆடிய ஆறில் இரண்டுதான் ஜெயித்தார், சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டியில் ஆடவே இல்லை. அதற்காக 2011 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ அணியோடு ஆடியதை மறந்துவிடலாமா? விலா எலும்பு உடைந்து வெளியே போனவர் திரும்பி வந்து, கூடுதல் நேரத்தில் சக வீரர் ஜெஸ்ஸி ஹோலிக்கு 77 கெஜம் எறிந்தார், 27-24 என்று அணி ஜெயித்தது. நுரையீரலிலும் ஓட்டை விழுந்திருந்தது அப்புறம்தான் வெளியே தெரிந்தது. இப்படி ஆடிய மனிதரை நல்ல வர்ணனையாளர் என்று மட்டும் சொல்லி முடிப்பது எனக்கு நியாயமாகவே படவில்லை, நடுவர் அவர்களே. மைக் முன்னால் தடுமாறினால் அடுத்த வாக்கியத்தில் திருத்திக்கொள்ளலாம். சியாட்டிலில் அவருக்கு அப்படி ஒரு வாய்ப்பு இல்லை, ஆனாலும் அடுத்த சீசனில் கௌபாய்ஸுக்கு அவர்தான் குவாட்டர்பேக், 13 ஆட்டங்களில் ஜெயித்தார்கள். தீர்ப்பைக் களத்துக்கே தாருங்கள். வணக்கம்.