சில்லை கலானுக்கு முன்பே குல்மார்க் சென்றோம்

வணக்கம். இப்போது திரையில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தப் பழுப்பு நிறப் புல்வெளிதான் குல்மார்க். பனிச்சறுக்குப் பழகுவதற்காக நண்பர்கள் ஐந்து பேர் சென்னையிலிருந்து டெல்லி வழியாக ஸ்ரீநகர் வந்து, அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் சாலையில் பயணம் செய்து மலையேறிச் சேர்ந்த டிசம்பர் 15 அன்று பிற்பகலில் எடுத்த காட்சி இது. தேவதாரு மரங்களின் நிழல் விழும் ஓரங்களில் மட்டும் பழைய பனி திட்டுத் திட்டாகப் படிந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் காய்ந்த புல். டிசம்பரில் போனால் பனி இருக்குமா என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். சில ஆண்டுகளில் முழங்கால் அளவு இருக்கும், சில ஆண்டுகளில் ஒன்றுமே இருக்காது. ஆனால் பருவத் தொடக்கத்தில் செல்பவர்கள் கேட்க வேண்டிய பெரிய கேள்வி வேறொன்று இருக்கிறது. விழுந்திருக்கும் பனிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதே அது. அந்த ஒரு வாரத்தில் எங்களுக்கு நேர்ந்த ஒவ்வொன்றும் அந்தக் கேள்வியோடு தொடர்புடையதாகவே இருந்தது.

முதலில் பனி எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நாம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வங்கக் கடலைப் பார்த்துக் காத்திருப்பதைப்போலக் காஷ்மீரத்து மக்கள் மேற்குத் திசையைப் பார்த்துக் காத்திருக்கிறார்கள். மத்தியதரைக் கடல் பகுதியில் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கு நோக்கி வரும் காற்றழுத்தத் தாழ்வுகள்தான் அங்கே பனியைக் கொட்டுகின்றன; வானிலைத் துறையினர் அவற்றை மேற்கத்திய இடையூறு என்று அழைக்கிறார்கள். அவை எந்த வாரத்தில் வரும் என்பதை நாட்காட்டி சொல்வதில்லை. காஷ்மீரத்து மரபில் டிசம்பர் 21 தொடங்கி 40 நாட்கள் நீளும் கடுங்குளிர்க் காலத்துக்குச் சில்லை கலான் என்று பெயர்; அதைத் தொடர்ந்து 20 நாட்கள் சில்லை குர்த், பின்னர் 10 நாட்கள் சில்லை பச்சா. சில்லை கலானில் விழும் பனிதான் உருகாமல் நிற்கும், கோடையில் ஆறுகளுக்கும் தோட்டங்களுக்கும் நீராகும் என்பது அம்மக்களின் அனுபவம். ஆனால் 2024 ஜனவரியில் அந்த 40 நாட்களின் பெரும்பகுதி வறண்டே கழிந்து, குல்மார்க்கின் சரிவுகள் வெறும் மண்ணாகக் கிடந்ததை நாம் செய்திகளில் பார்த்தோம். 2025இல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளின் குல்மார்க் பகுதியைப் போதிய பனி இல்லாததால் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளி வைத்தார்கள். அப்படியிருக்க, சில்லை கலான் தொடங்குவதற்கு முன்பே பயணச்சீட்டு எடுத்த எங்களுக்குப் புல்வெளி பழுப்பாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

முதல் இரண்டு நாட்களும் பனி இல்லை. அந்த இரண்டு நாட்களை வீண் என்று என்னால் சொல்ல முடியாது. எங்கள் பயிற்றுநர் குல்மார்க்கின் அடிவாரத்தில் உள்ள தங்மார்க் அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். நடக்கத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே மரப்பலகையைக் காலில் கட்டிக்கொண்டு சறுக்கியவர். பனிக்காகக் காத்திருக்காமல் முதல் நாள் காலையிலேயே அவர் எங்களை வாடகைக் கடைக்கு அழைத்துச் சென்று, பூட்ஸ் தேர்ந்தெடுப்பதற்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவிட்டார். பனிச்சறுக்கு பூட்ஸ் கடினமான பிளாஸ்டிக்கால் ஆனது. நேராக நிற்கும்போது கால் விரல்கள் முனையை மெல்லத் தொட வேண்டும், முழங்காலை முன்னே மடக்கும்போது அந்தத் தொடுகை விலக வேண்டும், குதிகால் எந்த நிலையிலும் மேலே எழும்பக் கூடாது. தளர்வாக இருப்பது வசதி என்று நினைத்து ஒரு எண் பெரிதாக எடுத்துக்கொண்டால், கால் உள்ளே திரும்பினாலும் பலகை திரும்பாது. அடுத்து, பூட்ஸைப் பலகையோடு இணைக்கும் பிடிப்பானை அவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சரிசெய்தார். விழும்போது அந்தப் பிடிப்பான் தானாகவே விடுபட வேண்டும்; நம் எடை, உயரம், பூட்ஸ் அடியின் நீளம், பழகிய அளவு ஆகியவற்றைக் கணக்கிட்டே அதன் இறுக்கத்தை அமைக்கிறார்கள். இறுக்கம் கூடினால் பிடிப்பான் விடுபடுவதற்கு முன்பு முழங்காலின் தசைநார் விடுபட்டுவிடும். வாடகைக்கு எடுக்கும்போது அந்த இறுக்கத்தைக் குறிக்கும் எண்ணைக் கேட்டு, நீங்களே குனிந்து ஒரு முறை பார்த்துவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

டிசம்பர் 17 இரவு மேகம் இறங்கியது. நாங்கள் தங்கியிருந்த வீட்டின் பெரியவர், ஃபெரன் அங்கிக்குள் காங்கிரியை வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, முகத்தை உயர்த்திக் காற்றை மோந்து பார்த்துவிட்டு, விடியும்போது வாசலைத் தோண்டித்தான் வெளியே வர வேண்டியிருக்கும் என்றார். காங்கிரி என்பது பிரம்புக் கூடைக்குள் வைத்த மண்சட்டி. அதில் கரித்தணல் கனன்றுகொண்டிருக்கும். அதை மடியில் வாங்கிக்கொண்டு, உப்புப் போட்ட இளஞ்சிவப்பு நிற நூன் சாயைக் குடித்தபடி, ஓசையே இல்லாமல் இறங்கும் அந்தப் பனியை நள்ளிரவு வரை பார்த்துக்கொண்டிருந்தோம். மழை ஓசையோடு வளர்ந்த எனக்கு, வானத்திலிருந்து இவ்வளவு இறங்கியும் ஒரு சத்தமும் எழாதது நெஞ்சை அடைத்தது. விடிந்தபோது பெரியவரின் வாசலில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை பனி நின்றது.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். அன்று காலை வானம் தெளிந்து, அஃபர்வாத் மலை முழுவதும் வெள்ளையாக ஒளிர்ந்தது. கம்பிவடத்தில் தொங்கியபடி மலையேறும் குல்மார்க் கோண்டோலா இரண்டு கட்டங்களாக ஏறுகிறது: முதல் கட்டம் கோங்தூரி வரை, இரண்டாவது கட்டம் அஃபர்வாத்தின் தோளில், 4,000 மீட்டரை நெருங்கும் உயரம் வரை. எங்களில் மூன்று பேர் உடனே மேலே போக வேண்டும் என்று துடித்தார்கள். பயிற்றுநர் பதில் பேசாமல் எங்களைக் காட்டின் ஓரத்தில், நிழல் விழும் ஒரு சிறு சரிவுக்கு அழைத்துச் சென்று, மண்வாரியால் தரை வரை பனியைச் செங்குத்தாக வெட்டினார். மேலே நேற்றிரவின் புதுப்பனி, அதற்குக் கீழே நவம்பரில் விழுந்து எஞ்சிய பழைய பனி. புதுப்பனியைக் கையில் பிடித்தால் உருண்டை பிடிக்க முடிந்தது. பழைய பனியை அள்ளியபோது அது சர்க்கரையைப்போல விரல்களுக்கு நடுவே கொட்டிப்போனது. எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை.

இதற்கான காரணம் எளிமையானது. பனிக்கு அடியில் உள்ள தரை ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கிறது. மேலே இரவுக் காற்று அதைவிடப் பல டிகிரி குளிராக இருக்கிறது. பனிப்படலம் ஒரு மீட்டர் ஆழம் இருந்தால் இந்த வேறுபாடு ஒரு மீட்டருக்குள் பரவிவிடும். வெறும் ஒரு சாண் ஆழம் இருந்தால் அந்தச் சாணுக்குள்ளேயே அது அடைபடுகிறது. அப்போது அடியிலிருந்து நீராவி மேல்நோக்கி நகர்ந்து, பனித்துகள்கள் பட்டை தீட்டிய படிகங்களாக வளர்ந்து, தம்முள் இருந்த பிணைப்பை இழந்துவிடுகின்றன. தெளிந்த வானமும் மெல்லிய பனியும் நீண்ட இரவுகளும் கூடும் பருவத் தொடக்கம்தான் இதற்கு ஏற்ற காலம். அதன்மேல் ஒரே இரவில் கனமான புதுப்பனி விழும்போது, சர்க்கரையைக் கொட்டி அதன்மேல் பலகையை வைத்ததற்குச் சமமாகிறது. ஒரு மனிதரின் எடை போதும், அந்தப் பலகை முழுவதுமாக வழுக்கிக்கொண்டு இறங்கும். அதுதான் பனிச்சரிவு. 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வாத்தில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரி 22 அன்று குல்மார்க் மலைச் சரிவில் ரஷ்யர் ஒருவரும் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தார்கள். அந்த விபத்துகளைச் சொல்லும்போது பயிற்றுநரின் குரல் தாழ்ந்தது. நாங்கள் பனியை வெட்டிப் பார்த்த அன்று மீட்புக் குழுவினர் கோண்டோலாவின் இரண்டாம் கட்டத்தைச் சறுக்குபவர்களுக்குத் திறக்கவில்லை, யாரும் முணுமுணுக்கவில்லை.

எனினும் ஒரு தவறு செய்தோம். டொரண்டோவில் வேலை பார்க்கும் எங்கள் தோழி மூன்று குளிர்காலங்கள் அங்கே சறுக்கியவள். மறுநாள் கோங்தூரியின் சரிவில் பயிற்றுநர் காட்டிய தடத்தை விட்டு, யாரும் தொடாத புதுப்பனியைப் பார்த்து ஆசைப்பட்டு, நான்கைந்து மீட்டர் விலகினாள். நாங்களும் கீழே நின்று கைகாட்டி உற்சாகப்படுத்தினோம். அவள் பழகிய மலைகளில் இயந்திரத்தால் செய்த பனியை அடித்தளமாகப் பரப்பி, இரவெல்லாம் வண்டி ஓட்டிச் சமப்படுத்திவிட்டே காலையில் சரிவைத் திறக்கிறார்கள். இங்கே வானம் தந்தது மட்டும்தான் இருக்கிறது, அதுவும் பருவத்தின் முதல் பெரும் பொழிவு. பனி பாறையை மூடவில்லை, வெறுமனே மறைத்திருந்தது. இடது பலகை ஒரு கல்லில் உரசி நின்றது, அவள் நிற்கவில்லை. பிடிப்பான் சரியான எண்ணில் இருந்ததால் பூட்ஸ் விடுபட்டது, முழங்கால் சற்று வீங்கியதோடு தப்பித்தாள். பலகையின் அடிப்பகுதியில் விரல் நீளத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தது; அதைச் சீர்செய்யும் செலவை நாங்கள் ஐவரும் பகிர்ந்துகொண்டோம். உற்சாகப்படுத்திய குற்றத்தில் எனக்கும் சம பங்கு இருக்கிறது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மற்ற நாங்கள் பழகியது எல்லாம் கோல்ஃப் மைதானத்தில்தான். கோடையில் கோல்ஃப் விளையாடும் அந்தப் புல்வெளி, பனி விழுந்ததும் புதியவர்களின் பள்ளிக்கூடமாகிறது. அடியில் பாறை இல்லாத புல் என்பதால் குறைந்த பனியிலும் அங்கே பாதுகாப்பாகப் பழகலாம். பருவத் தொடக்கத்தில் செல்பவர்கள் அங்கிருந்து நகராமலிருப்பதே சரி என்பது என் தீர்மானமான கருத்து. பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகற்றி, ஓட்டுக் கூரையின் வடிவில் வைத்துக்கொண்டால் வேகம் குறையும். இதைக் காதால் கேட்பதற்கும் காலால் செய்வதற்கும் இடையில் எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. பயந்தவுடன் உடம்பு தானாகப் பின்னால் சாய்கிறது. பின்னால் சாய்ந்தவுடன் பலகைகளின் முன்பகுதி பனியைப் பற்றுவதை விட்டுவிடுகிறது, வேகம் இன்னும் கூடுகிறது. கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பால் பூட்ஸின் முன்சுவரை அழுத்திக்கொண்டே இரு என்று அவர் நூறு முறையாவது சொல்லியிருப்பார். 20ஆம் தேதி பிற்பகலில், விழாமல் இறங்கி, நான் நினைத்த இடத்தில் நானே நின்றேன். திரையில் ஓடும் இந்தப் பதினோரு விநாடிகள் அதுதான். என் கண்கள் கலங்கியிருப்பது குளிரால் மட்டும் இல்லை.

கண்களைப் பற்றிப் பேசும்போதே சொல்லிவிடுகிறேன்: புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பக்கூடியது, அதோடு ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் அந்தக் கதிரின் வீச்சு சுமார் 10 சதவீதம் கூடுகிறது. குளிர்கிறதே என்று கறுப்புக் கண்ணாடி அணியாமல் ஒரு நாள் சுற்றிய நண்பர் இரவெல்லாம் கண்ணில் மணல் விழுந்ததுபோல் தவித்தார். கோண்டோலா சீட்டை இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பயிற்றுநருக்குப் பேசிய தொகையை, பனி இல்லாத நாட்களுக்கும் சேர்த்துக் கொடுங்கள். அவர்களுடைய ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி இந்தச் சில வாரங்களில்தான் இருக்கிறது, வறண்ட குளிர்காலம் வந்தால் முதலில் அடிபடுவது அவர்கள்தான்.

21ஆம் தேதி காலை நாங்கள் இறங்கினோம். சில்லை கலானின் முதல் நாள் அது. மேற்கே மீண்டும் மேகம் திரண்டிருந்தது. தங்மார்க்கில், மேலே செல்லும் வண்டிகளை நிறுத்தி, சக்கரங்களில் சங்கிலி பூட்டிக்கொண்டிருந்தார்கள். எங்களை வழியனுப்ப அதுவரை உடன் வந்த பயிற்றுநர், அந்த வண்டிகளில் ஒன்றில் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டார்.