குழு அசைன்மென்ட்: நாலு பேரும் கற்பதற்கு என்ன செய்யலாம்?

[திரையில்: ஒரு கூகுள் டாக்ஸ் கோப்பின் திருத்த வரலாறு. மாதிரிக்காக உருவாக்கியது.]

நாலு மாணவர்கள், ஒரு கோப்பு, மூன்று வாரக் கெடு. திரையின் வலது ஓரத்தைக் கவனியுங்கள். முதல் இரண்டரை வாரம் தலைப்பைத் தவிர ஒன்றும் இல்லை. கடைசி நாள் இரவு 11.40க்கு ஒருவர் மூன்று பக்கத்தை அப்படியே கொண்டுவந்து ஒட்டுகிறார். 11.52க்கு அடுத்தவர். அப்புறம் ஒருவர் மட்டும் உட்கார்ந்து எழுத்துருவை ஒன்றாக்கிச் சமர்ப்பித்துவிடுகிறார்.

மதிப்பெண் எப்படியும் வந்துவிடும். ஆனால் அடுத்தவர் எழுதியதை யாரும் படித்த அடையாளமே இல்லை. ஆளுக்குக் கால்வாசிப் பாடம்தான் மிச்சம்.

கருவியைக் குறை சொல்ல முடியாது. தூரத்தில் இருக்கும் இருவர் ஒரே ஆவணத்தில் சேர்ந்து வேலை செய்வதை அமெரிக்கக் கணினிப் பொறியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பரிலேயே சான் பிரான்சிஸ்கோவில் மேடையில் செய்துகாட்டிவிட்டார். கோளாறு, வேலையைக் கொடுக்கும் விதத்தில் இருக்கிறது.

[திரையில்: கயிறு இழுக்கும் ஒரு குழு.]

கயிறு இழுப்பவர்கள் கூடக் கூட, தலைக்கு இழுக்கும் விசை குறைகிறது என்று பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கல்மன் 1913இல் எழுதினார். 1979இல் லாட்டனே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் என்ற உளவியலாளர்கள் மூவரும் ஆட்களைக் கத்தவும் கைதட்டவும் சொல்லிப் பார்த்தார்கள். கூட்டத்தோடு சேர்ந்ததும் ஒவ்வொருவர் சத்தமும் இறங்கியது. தன் சத்தம் தனியாகப் பதிவாகிறது என்று நினைத்தவர்கள் மட்டும் அப்படிச் சுணங்கவில்லை என்பது அவர்களுடைய அடுத்த ஆய்வில் தெரிந்தது.

திருத்த வரலாறு இங்கேதான் கைகொடுக்கிறது. யார், எப்போது, எதை மாற்றினார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆசிரியர்களே, தயவுசெய்து சொற்களை எண்ணி மதிப்பெண் போடாதீர்கள். ஐந்நூறு சொற்களை வெட்டிவிட்டு இரண்டு நல்ல வரி எழுதியவர் அந்தக் கணக்கில் சோம்பேறியாகத் தெரிவார். வீடியோ அழைப்பில் நாலு பேர் பேச, ஒருவர் தட்டச்சு செய்திருக்கலாம். வரலாற்றை வைத்து விசாரியுங்கள், தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

[திரையில்: ஓரக் குறிப்புகள் இரண்டு.]

சரி, அடுத்தவர் எழுதியதைப் படிக்கவைப்பது எப்படி? வரைவைக் கெடுவுக்கு ஒரு வாரம் முன்னாலேயே கேளுங்கள். பிறகு ஒவ்வொருவரும் தான் எழுதாத பகுதியில் கேள்வி எழுப்பட்டும். “நல்லா இருக்கு” என்ற குறிப்பு எதற்கும் உதவாது. இரண்டாவது குறிப்பைப் பாருங்கள்: “இரண்டாம் அட்டவணையில் 40 பேர்தான் இருக்கிறார்கள். எல்லா மாணவர்களும் இப்படித்தான் என்று எதை வைத்துச் சொல்கிறோம்?” எழுதியவர் பதில் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் வாக்கியத்தை மாற்றவேண்டும். இரண்டு பேரும் கற்றுக்கொள்ளும் இடம் இதுதான்.

படிக்கவேண்டிய கட்டுரைக்கும் இதே வழியைப் பின்பற்றலாம். ஹைப்போதிசிஸ், பெருசால் போன்ற கருவிகளில் வகுப்பு முழுவதும் ஒரே பக்கத்தின் ஓரத்தில் கேள்வி எழுதலாம், பதில் போடலாம். பெருசாலை உருவாக்கியவர்களில் ஒருவர் ஹார்வர்டின் எரிக் மசூர். மாணவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடிக் கற்கும் முறையை 1991இலேயே தன் இயற்பியல் வகுப்பில் கொண்டுவந்தவர். ஆசிரியருக்கு இதில் பெரிய லாபம் உண்டு. எந்தப் பத்தியில் கேள்விகள் குவிந்திருக்கின்றனவோ, அங்கிருந்தே வகுப்பைத் தொடங்கலாம்.

[திரையில்: நிறம் நிறமாகப் பிரிந்து மறுபடி கலக்கும் குழுக்கள்.]

ஆன்லைன் வகுப்பு என்றால் உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸில் உருவாக்கிய ஜிக்சா முறையை முயன்று பாருங்கள். பாடத்தைப் பகுதிகளாகப் பிரித்து ஆளுக்கு ஒரு பகுதி கொடுங்கள். ஒரே பகுதியைப் படித்தவர்கள் முதலில் ஒரு ஜூம் பிரேக்அவுட் அறையில், அதாவது அழைப்புக்குள்ளேயே பிரித்த சின்ன அறையில், கூடி அதை அலசுவார்கள். பிறகு அறைகளைக் கலைத்து, பகுதிக்கு ஒருவர் வருகிற மாதிரி புதுக் குழுக்கள் அமைக்க வேண்டும். உங்கள் பகுதியை அந்த அறையில் விளக்க உங்களைவிட்டால் ஆள் இல்லை. ஒளிந்துகொள்ளவும் வழி இல்லை! நேரில் நாற்காலிகளை இழுத்துப்போட்டுச் செய்வதைவிட இது சுலபம்.

மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்பித்தல் தளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் அதிலுள்ள ‘வொர்க்‌ஷாப்’ வசதியைப் பாருங்கள். சமர்ப்பித்ததற்கு ஒரு மதிப்பெண், சக மாணவரின் வேலையை எவ்வளவு நன்றாக மதிப்பிட்டார் என்பதற்குத் தனியாக ஒரு மதிப்பெண்.

வாட்ஸ்அப் குழு? இருக்கட்டும், யாரும் விடப்போவதில்லை. ஆனால் அங்கே எடுக்கும் முடிவு மறுநாள் வாழ்த்துச் செய்திகளுக்கு அடியில் போய்விடும். யார் எதை எப்போது முடிப்பது என்பதைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

[திரையில்: கோப்பின் பகிர்வு அமைப்பு.]

வேலையைத் தொடங்கும்போதே இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: கோப்பின் உரிமையாளர் யார்? படிப்பு முடிந்து அவருடைய கல்லூரிக் கணக்கை நீக்கினால், கோப்பும் அதோடு போகலாம். சமர்ப்பித்த அன்றே நாலு பேரும் ஆளுக்கொரு பிரதியைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். குறிப்புகளோடு சேர்த்து.