ஃபுவாமுலா போய் வந்தேன்: புலிச்சுறாவும் நாற்பது ரூபாய் ஓ-ரிங்கும்

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கிற சத்தம் மழை, எங்கள் வீடு தகரக் கூரை, ஒன்றும் செய்ய முடியாது. கமெராவை ஒருக்கால் ஜன்னல் பக்கம் திருப்புகிறேன், பாருங்கள். இதுதான் இன்றைய உப்புவெளிக் கடல். வள்ளம் எல்லாம் கரையில் ஏற்றியாச்சு. இதை ஏன் காட்டுகிறேன் என்றால், இந்தக் கிழமையும் அதே கேள்வி வந்து நிறைந்து கிடக்கிறது: "அண்ணா, மார்கழி லீவுக்குத் திருகோணமலை வாறோம், புறாமலையில் டைவ் பண்ணலாமா?"

பண்ண முடியாது தம்பி. ஒவ்வொரு வருசமும் சொல்கிறேன். எங்கள் பக்கம் சித்திரை, வைகாசியில் தொடங்கினால் புரட்டாசி வரைக்கும்தான் சுழியோடுகிற காலம். மாரியில் வடகீழ்ப் பருவக்காற்று நேரே எங்கள் முகத்தில் அடிக்கும். அது போதாதென்று மகாவலி கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிற ஊர் இது. மலைநாட்டு மண் முழுக்க வந்து கலங்கினால் தண்ணீருக்குள் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. ஹோட்டல்காரர் பாதி விலைக்கு அறை தருகிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்தானே? மார்கழியில் இலங்கைக்குள்ளேயே டைவ் பண்ண வேண்டுமென்றால் ஹிக்கடுவைப் பக்கம் போங்கள். அங்கே காலம் எங்களுக்கு நேர் எதிர்.

நான் இந்த மாரிக்கு இன்னும் தெற்கே போனேன். போன காணொளியின் கடைசியில் குறிப்பு மட்டும் கொடுத்தேன், பாதிப் பேர் மாலே என்று எழுதினீர்கள். மாலே இல்லை. மாலைதீவின் தென்கோடியில், நிலநடுக்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் கீழே, ஃபுவாமுலா. மாலைதீவு என்றதும் நீங்கள் நினைக்கிற தண்ணீர் மேல் வீடு, நீலக் களப்பு ஒன்றும் அங்கே இல்லை. சுற்றிவரச் சின்னத் தீவுகளும் கிடையாது. அடோல் என்றால் பவளப்பாறை வளையத்தில் தீவுகள் கூட்டமாக இருக்கிற இடம். இங்கே ஒரே ஒரு தீவு, அதுவே ஒரு அடோல். கரையை விட்டுக் கொஞ்சம் போனால் நேரே ஆழ்கடல். தீவுக்குள் இரண்டு நன்னீர்க் குளம் வேறு இருக்கிறது. எனக்கு அந்த இடம் சரியாகப் பிடித்துப் போச்சு. ஊர்ச் சனம் ஊராகவே இருக்கிறார்கள், கடைக்குப் போனால் யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. உள்ளூர்த் தீவு என்பதால் மதுபானம் கிடையாது. அதுதான் லீவு என்று நினைக்கிறவர்கள் ரிசோர்ட் பக்கம் போங்கள்.

போனது புலிச்சுறா பார்க்க. துறைமுக வாசலில் மீன்காரர் சூரை மீனின் தலையும் குடலும் கொட்டிக் கொட்டி, சுறா அங்கேயே பழகி நிற்கிறது. 200க்கும் மேற்பட்ட புலிச்சுறாக்களை உடம்புக் கோடுகளையும் தழும்புகளையும் வைத்து இனங்கண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் பெண் சுறாக்கள். மாலைதீவில் 2010இல் சுறா பிடிக்கத் தடை போட்டார்கள். எங்கள் கொட்பே துறைமுகத்தில் சின்ன வயதிலிருந்து செத்த சுறாவையே பார்த்து வளர்ந்தவன் நான். உயிரோடு, நான் படுத்திருப்பதை விட நீளமாக, இரண்டு கை தூரத்தில் அது கடந்து போனபோது மூச்சு விட மறந்திருப்பேன். ஆனால் ஸ்கூபாவில் மூச்சைப் பிடிக்கக் கூடாது என்பது முதல் பாடம், அதனால் விட்டேன்.

விதி எளிது. நிமிர்ந்து நில்லுங்கள், கூட்டத்தை விட்டு விலகாதீர்கள், கையை உடம்போடு வைத்திருங்கள், சுறாவுக்கு முதுகு காட்டாதீர்கள். உங்கள் பக்கம் வந்தால் அதன் கண்ணைப் பாருங்கள். வெள்ளைக் கையுறை, பளபளக்கிற சங்கிலி வேண்டாம். எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்கிறேன். வழிகாட்டிகள் கல்லுக்குக் கீழே மீன் தலையை வைத்துத்தான் சுறாவைக் கிட்ட வரவழைக்கிறார்கள். அதனால்தான் சுறாவைக் கொல்லாமல் காசு பார்க்கிறார்கள் என்ற வாதம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அடுத்த முறை போனால் அந்த டைவை விட்டுவிட்டு, விடியற்காலையில் திரெஷர் சுறா (நீண்ட வால் சுறா) தேடிப் போவேன். வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. அதுதான் எனக்குக் கடல்.

சரி, இப்போது ஓ-ரிங். இதற்காகத்தான் இந்தக் காணொளியே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் படகில் ஏறியாச்சு. ஒரு ஜேர்மன் தம்பதி, நான், இன்னும் சில பேர். சிலிண்டரில் ரெகுலேட்டரை (மூச்சுக்குக் காற்றைத் தருகிற கருவி) பூட்டித் திறந்தால் அந்த ஜேர்மன் அண்ணையின் சிலிண்டர் 'ஸ்ஸ்ஸ்' என்கிறது. வால்வு வாயில் காற்றுக் கசியாமல் அடைக்கிற ரப்பர் வளையம், அதுதான் ஓ-ரிங், போய்விட்டது. வழிகாட்டிப் பொடியன் பெட்டியைத் திறந்தான். உள்ளே இருந்த ரிங் எல்லாம் தட்டையாகி வெடித்துக் கிடக்கிறது. மாற்றுச் சிலிண்டர் படகில் இல்லை. திரும்பிப் போய் எடுத்து வந்தால் நீரோட்டம் மாறிவிடும். எல்லாரும் ஆளுக்காள் முகத்தைப் பார்க்கிறார்கள்.

நான் எழும்பினேன். உலர்பையைத் திறந்தேன். நீங்கள் எல்லாரும் கிண்டல் பண்ணுகிற அந்தச் சித்தாலேப டப்பாவை எடுத்தேன். (நன்றாகக் கழுவியதுதான். தைலம் பட்டால் ரப்பர் ஊதிப்போகும்.) உள்ளே 014 அளவு, 90 கடினம், நைட்ரைல் ரப்பர் ரிங், புத்தம் புதுசு. பழையதைப் பிளாஸ்டிக் ஊசியால் கிளப்பி எடுத்தேன். இரும்பால் கிளப்பாதீர்கள், வால்வு வாய் கீறுப்பட்டால் பிறகு எந்த ரிங்கும் நிற்காது. புதுசை வைத்தேன். பூட்டித் திறந்தால் சத்தமே இல்லை. படகில் கை தட்டினார்கள் மக்களே! சுறா பார்த்ததற்குக் கூட எனக்கு அவ்வளவு சந்தோசம் இல்லை.

விலையைக் கேளுங்கள். கொழும்பில் டைவ் சாமான் விற்கிற ஒரு கடையில் இதே ரிங் ஒன்றுக்கு 350 ரூபாய் கேட்டார்கள். ஒன்றுக்கு! நான் பேசாமல் வந்து, எங்கள் ஊரில் ஹைட்ரோலிக் சாமான் விற்கிற கடையில் அளவைக் காட்டி 40 ரூபாய்க்கு வாங்கினேன். அதே அளவு, அதே கடினம். சாதாரணக் காற்றுக்கு இது தாராளம். ஒக்சிசன் கூடின கலவை பாவிக்கிறவர்கள் மட்டும் அதற்கென்று உள்ளதை வாங்குங்கள், அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். டின் (DIN) ரெகுலேட்டர், அதாவது வால்வுக்குள் திருகிப் பூட்டுகிற வகை, வைத்திருக்கிறவர்களுக்கு 112 அளவு. என் டப்பாவில் இரண்டும் இருக்கும்.

ஒதுக்குப்புறமான இடத்துக்கு டைவ் பண்ணப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். படத்தைப் பார்த்து இடத்தைத் தெரிவு செய்யாதீர்கள். அங்கே ஒரு பொருள் உடைந்தால் மாற்று எங்கே, படகில் அவசர ஒக்சிசன் இருக்கிறதா, டைவ் நோய்க்கான அழுத்தச் சிகிச்சை அறை கிட்டடியில் எங்கே இருக்கிறது என்று அங்கே இருக்கிற டைவ் கடைக்கு முதலில் எழுதிக் கேளுங்கள். எவ்வளவு நேரத்தில், எவ்வளவு தெளிவாகப் பதில் வருகிறது என்பதிலேயே அந்தக் கடையைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். நான் எழுதிய ஒரு இடம் எனக்குத் தள்ளுபடி விபரம் மட்டும் அனுப்பியது. அந்தப் பக்கமே போகவில்லை.

பொறுங்கள், செலவைச் சொல்ல மறந்துவிட்டேன். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு மாலைதீவில் இறங்கியதும் 30 நாள் விசா இலவசம். பறப்பதற்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் 'இமுகா' என்கிற பயணி விபரப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம்தான். காசு கேட்கிற இணையத்தளம் கண்டால் மூடிவிடுங்கள். பச்சை வரி என்று ஒன்று இருக்கிறது. சின்ன விருந்தினர் விடுதிகளில் ஆளுக்கு ஒரு இரவுக்கு 6 டொலர், 2025க்கு முந்தி 3 டொலராக இருந்தது. அறை விலையைப் பார்க்கும்போது அது சேர்த்தா சேர்க்காமலா என்று பாருங்கள். உள்நாட்டு விமானத்தில் பொதிக் கனத்துக்கு ஒவ்வொரு கிலோவாகக் கறக்கிறார்கள், மூழ்குவதற்கு இடுப்பில் கட்டுகிற ஈயக் கட்டி எல்லாம் கொண்டு போகாதீர்கள், அங்கே தருவார்கள். ரெகுலேட்டரும் டைவ் கம்பியூட்டரும் (ஆழமும் நேரமும் காட்டுகிற கருவி) கைப்பையில்.

ஆழத்துக்கும் சட்டம் இருக்கிறது, மாலைதீவில் பொழுதுபோக்கு டைவுக்கு 30 மீட்டர்தான் எல்லை. அங்கே கீழே நீலம் முடிவே இல்லாமல் இழுக்கும். கம்பியூட்டரைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கடைசி நாள் டைவ் பண்ணாதீர்கள். பல நாள், பல டைவ் செய்தவர்கள் குறைந்தது 18 மணித்தியாலம் கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். உடம்பில் கரைந்த நைதரசன் வெளியேற நேரம் வேண்டும், விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைவு. இதை எல்லாரும் சொல்வார்கள். எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு: காலையில் நிலாவெளியில் டைவ் பண்ணிவிட்டு, பின்னேரம் வான் பிடித்து நேரே நுவரெலியா போகிறீர்களே, அது 1868 மீட்டர் உயரம். விமானத்துக்குள் இருக்கிற அழுத்தமும் கிட்டத்தட்ட அந்த உயரத்து அழுத்தம்தான். ஸ்ட்ரோபெரி ஒரு நாள் காத்திருக்கும், ஊரில் ஒரு இரவு தங்கிப் போங்கள்.

ஃபுவாமுலாவைப் புகழ்ந்ததால் கோணேசர் மலையை மறந்துவிட்டான் என்று எழுத வேண்டாம். 1956இல் அறிவியல் கதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரின் டைவ் கூட்டாளி மைக் வில்சனும் அந்த மலையடியில் இறங்கிப் பழைய கோவில் தூண்களைக் கண்ட இடம் அது. செதுக்கின கல்லைத் தொடாமல் பக்கத்தில் மிதந்து பார்க்கிற சுகம் எந்தச் சுறாவும் தராது. வைகாசியில் கடல் தெளியட்டும், கூட்டிப் போகிறேன்.

அம்மாவிடம் சுறாப் படத்தைக் காட்டினேன். "அது கிடக்கட்டும், மாசி கொண்டு வந்தியா?" என்றார். கொண்டு வந்தேன், நல்ல கறுத்த கட்டி மாசிக் கருவாடு. அங்கே காலைச் சாப்பாடு மாஸ் ஹுனி, சூரையும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மிளகாயும் பிசைந்து ரொட்டியோடு. எங்கள் சம்பலுக்கு அண்ணன் முறை. எனக்கு நாள் முழுக்க அதுவே போதும்.

கடைசியாக, ஓப்பன் வோட்டர் (ஆரம்ப டைவ் பயிற்சி) இப்போதுதான் முடித்தேன், புலிச்சுறாவுக்குப் போகலாமா என்று கேட்ட தங்கைக்கு: இப்போது வேண்டாம். நீரோட்டத்தில் ஒரே ஆழத்தில் கை அசைக்காமல் நிற்கப் பழகுங்கள். அது வந்த பிறகு எனக்கு எழுதுங்கள், எந்தக் கடையில் என்ன கேட்க வேண்டும் என்று அனுப்பி விடுகிறேன்.